சம்பூர் வளவை விற்க முதல்

அன்புள்ள மருமகனுக்கு,

ஆச்சியின் வளவைக் கேட்டுக் கொழும்பு ஆட்கள் வந்ததாக அம்மா சொன்ன நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. இந்தியாவும் அமீரகமும் சேர்ந்து காசு போட வருகின்றன, வியாபாரம் வந்த இடத்தில் இனிச் சண்டை வராது என்று எழுதியிருக்கிறாய். காணி உன் பேரில், முடிவும் உன்னுடையது. ஆனாலும் கேள்.

இந்தத் திருகோணமலைத் துறைமுகத்துக்குப் படைகளைக் கூட்டிவந்ததே வியாபாரம்தான். சோழமண்டலக் கரையில் துணி வாங்கிய கம்பனிகளுக்கு வாடைக்காற்றில் சென்னையில் கப்பல் ஒதுங்க இடமில்லை, இங்கே இருந்தது. 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதைப் பறித்தான். சீனக்குடா எண்ணெய்க் குதங்களும் வெள்ளைக்காரனின் போர்க்கப்பலுக்குக் கட்டியவை. 1942 ஏப்ரல் 9 இல் ஜப்பான் விமானம் ஒன்று குதத்தின் மேலேயே விழுந்தது. உருகி மடிந்த அந்தத் தகடுகளைச் சின்ன வயதில் உனக்குக் காட்டினேனே.

1987 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு கைமாறிய கடிதத்தைப் படித்துப் பார். இந்தியாவுக்குப் பாதகமான படைக்குத் துறைமுகத்தைக் கொடுக்கக்கூடாது என்பதும், குதங்களைக் கூட்டாக நடத்துவோம் என்பதும் ஒரே கடிதத்தில் இருக்கின்றன. 2017 இல் அம்பாந்தோட்டை 99 வருஷக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் போனது. 2022 இல் இங்கே 61 குதங்களுக்கு இந்தியாவோடு கூட்டுக் கம்பனி. ஒருவர் ஒரு துறையில் கால் வைத்தால் மற்றவர் அடுத்த துறையைப் பார்க்கிறார்.

வியாபாரம் சமாதானம் தராது என்று நான் சொல்லவில்லை. 1952 இல் கொரியச் சண்டை நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்கா முறைக்க முறைக்க, அப்போதைய வர்த்தக அமைச்சர் ஆர். ஜி. சேனநாயக்க சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தார். முப்பது வருஷம் நின்றது. நாங்கள் இறப்பர்ப் பாலை விற்றோம், தோட்டத்தை எழுதிக்கொடுக்கவில்லை. விளைவதை விற்கிறவனுக்கு அடுத்த வருஷமும் பேரம் பேச வாய் இருக்கும். நிலத்தைக் கொடுத்தவனுக்கு அது இல்லை.

2006 இல் சண்டையால் நாங்கள் சம்பூரை விட்டு ஓடியதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் முகாமில் வரிசையில் நின்ற காலத்திலேயே அந்த மண்ணை முதலீட்டு வலயம் என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். உறுதி கையில் இருந்தபடியால்தான் ஆச்சி திரும்பிப் போய்க் கிணறு இறைத்தாள். கொடுக்கத்தான் வேண்டுமென்றால் குத்தகைக்குக் கொடு, குறுகிய காலத்துக்கு, உன் பேர் உறுதியில் நிற்க.

கனக்கச் சொல்லிவிட்டேன், கோபிக்காதே ராசா. உன் படிப்பும் புத்தியும் எங்கள் ஒருவருக்கும் இல்லை. நீ என்ன முடிவெடுத்தாலும் மாமா உன் பக்கம்தான். ஆடிக்குக் கட்டாயம் வா, மாமி கணவாய்க் கறி வைக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். காசு தட்டுப்பாடு என்றால் எனக்குச் சொல்லு, காணியை நினைக்க முதல் என்னை நினை.

அன்புடன்,
மாமா