இணைகோட்டின் சமன்பாடு

திருவல்லிக்கேணியிலிருந்து கடற்கரைக்கு நடந்து செல்வோர் பக்கிங்காம் கால்வாயைக் கடந்தே காமராசர் சாலையை அடைவர். கால்வாயும் சாலையும் ஏறக்குறைய ஒரு திசையே நோக்கி, வடக்கே செல்லச் செல்லச் சிறிது கிழக்கே சாய்வன. 1913-ஆம் ஆண்டு ஹார்டிக்குக் கடிதம் விடுத்த இராமாநுஜன் சில காலம் குடியிருந்த இவ்வூரில் இத்துணைச் சிறு கணக்கைப் பேசுதற்கு யாம் நாணுகின்றோம். ஆயினும் இதிற் பிழைசெய்து பள்ளியிறுதித் தேர்வில் மதிப்பெண் இழந்தோமாதலின் பேசத் துணிந்தோம்.

நம் பாடநூல்கள் இணைகோடு என்பதனை ஈழத்து நூல்கள் சமாந்தரக் கோடு என்னும். நாம் சாய்வு என்பது ஆண்டுப் படித்திறன். பெயர் வேறாயினும் பொருள் ஒன்றே.

கால்வாயின் கரையில் ஓரிடத்தைத் தொடக்கமாகக் கொள்க. அங்கிருந்து கிழக்கே செல்லும் அளவைக் கி என்றும், வடக்கே செல்லும் அளவை வ என்றும் குறிப்போம். கால்வாய் 5 அலகு கிழக்கே செல்லும்போது 12 அலகு வடக்கே செல்வதாகக் கொண்டால் (சாய்வைக் கணக்கின் எளிமைக்காக மிகுத்துள்ளோம்) அதன் சமன்பாடு

12கி − 5வ = 0

என்றாகும். சாலை இதற்கு இணையாயின், 12, 5 என்னும் எண்கள் மாறா. அவையன்றோ திசையைக் காப்பவை! வலப்புறத்து எண் ஒன்றே மாறும். அதனை அறிய, சாலையில் ஓரிடம் தெரிந்தாற் போதும். 1842-இல் அமெரிக்காவிலிருந்து வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டப்பெற்று ஐஸ் ஹவுஸ் எனப் பெயர்பெற்ற விவேகானந்தர் இல்லத்தின் வாயில், கிழக்கே 3, வடக்கே 2 என்னும் இடத்தில் உள்ளதென்க. 12 × 3 − 5 × 2 = 26. ஆதலின் சாலையின் சமன்பாடு

12கி − 5வ = 26.

யாம் இடறியது இதற்கு அடுத்த படியில். இரண்டிற்கும் இடைத்தூரம் கேட்கப்பட்டபோது 26 என்று எழுதிவிட்டோம். தொடக்கத்திலிருந்து நேர் கிழக்கே நடப்பின், வ = 0 ஆதலால் 26 ÷ 12, அதாவது இரண்டே ஆறிலொரு பங்கு அலகிற் சாலையை அடைவோம். அதுவும் இடைத்தூரமன்று, கால்வாய் சாய்ந்திருப்பதால் நேர் கிழக்குவழி சாலைக்குக் கோணலாகவே செல்லும். கால்வாய்க்குச் செங்குத்தாக நடப்பதே குறுகிய வழி. 12, 5 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்ட 169; அதன் வர்க்கமூலம் 13. 26-ஐ 13-ஆல் வகுக்க 2 அலகே இடைத்தூரம்.

கால்வாய் சிறிதும் சாயாது நேர் வடக்கே ஓடுமாயின், சாய்வை எண்ணாற் சொல்லல் இயலாது. சாய்வை மட்டும் மனனஞ் செய்தோர் அங்கே திகைப்பர். முன்சொன்ன முறையோ அங்கும் செல்லும்: கால்வாய் கி = 0; இல்லத்தின் வாயில்வழிச் செல்லும் இணைச்சாலை கி = 3.