டச்சுச் செப்புத்தகடுகளில் முதியோர் முகங்கள்

முன்னுரை

ஒருவருடைய பெயரையும் பெருமையையும் நிலைநிறுத்த எழுந்ததே உருவப்படக் கலை. பொருள் கொடுக்க வல்லார் தம் உருவத்தை எழுதச் செய்தனர். ஆயின், 17ஆம் நூற்றாண்டில் டச்சு நாட்டில் இதனின் வேறான ஒரு கலைவகை தழைத்தது. அது ‘டிரோனி’ எனப்பட்டது. முகம் என்பதே அச்சொல்லின் பொருள். இன்னார் என அறிவியாது, முகத்தின் இயல்பையும் உணர்வையும் காட்டுவதே அதன் நோக்கம். அதில் முதியோர் பெற்ற இடத்தை ஈண்டுக் காண்போம்.

லைடன் நகர இளைஞர்கள்

1606இல் பிறந்த ரெம்பிராண்டும் 1607இல் பிறந்த யான் லீவன்சும் லைடன் நகரத்தவர். இருபது வயதைச் சற்றே கடந்த இவ்விருவரும் முதியோர் தலைகளைப் பெரிதும் விரும்பி வரைந்தனர். 1628ஆம் ஆண்டு குறிக்கப்பெற்ற ரெம்பிராண்டின் மூதாட்டி முகம் உள்ளங்கையில் அடங்கும் சிறு படமாகும். லீவன்ஸ் பொறித்த தலைகளைத் தழுவி, 1635இல் ரெம்பிராண்ட் சில தகடுகளைப் பொறித்தமையும் நோக்கத்தக்கது.

பொறிக்கும் முறை

செப்புத்தகட்டின்மீது மெழுகும் பிசினும் கலந்த பூச்சினைத் தடவி, அதில் ஊசியால் கோடு கீறுவர். பின்னர் அமிலத்தில் இட, கீறிய இடங்களை மட்டும் அமிலம் அரிக்கும். அப்பள்ளங்களில் மையிட்டு, ஈரத்தாளை வைத்து அழுத்த, படம் இடவலம் மாறிப் பதியும். உளியால் செம்பைச் செதுக்குவது கடினம். மெழுகில் ஊசி எழுதுகோல்போல் ஓடும். ஆதலின் தளர்ந்த இமையும், குழிந்த கன்னமும், நெற்றிச் சுருக்கமும் நுண்கோடுகளாய் எளிதில் அமைந்தன.

பெயரற்ற பெருமை

16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குவென்டின் மாசிஸ் தீட்டிய முதுமகள் நகைப்புக்கு இலக்கானவள். ரெம்பிராண்டின் மூதாட்டியிடம் அவ்வேளனம் இல்லை. அவளை ஓவியரின் தாய் எனக் கூறுவதுண்டு. ‘ரெம்பிராண்டின் தாய்’ என்னும் பெயர் 1679ஆம் ஆண்டின் உடைமைப் பட்டியலொன்றில் காணப்படுகிறது. படத்திலோ அப்பெயர் இல்லை. மாதிரியாக அமர்ந்த முதியோர் பலரின் பெயர்கள் இவ்வாறே மறைந்தன. இஃது ஓர் இழப்பே. எனினும், பெயரும் செல்வமும் அறியாமலே ஒரு முதிய முகத்தை மதித்து நோக்க முடியும் என்பதை இப்படங்கள் மெய்ப்பிக்கின்றன.

முடிவுரை

முதுமையை அழகின் அழிவாகக் கருதுவார் உளர். இளங்கலைஞர் இருவர் அதனை வாழ்வின் பதிவாகக் கண்டனர். முதியோரின் முகத்தை முதலில் பொறுமையுடன் நோக்குதல் வேண்டும். மதிப்பு அந்நோக்கிலிருந்தே பிறக்கும். மாணவர் உலகம் இதனை உளங்கொள்வதாக.