கம்பில் தொங்கும் மூட்டை: யார் தோளில் எவ்வளவு பாரம்?

ரோட்டிலிருந்து லயத்துக்கு அரிசி மூட்டையைக் கம்பில் கட்டி இரண்டு பேராகக் காவுகிறோம். நடுவில் தொங்கினால் ஆளுக்குப் பாதி. தள்ளித் தொங்கினால்?

மூட்டை 30 கிலோ. தோளுக்குத் தோள் 6 அடி. பின்னவர் தோளிலிருந்து 2 அடியில் மூட்டை இருக்கிறது. கம்பின் பாரத்தை விட்டுவிடுவோம்.

பின்னவர் தோளிலிருந்து அளப்போம். பாரத்தைத் தூரத்தால் பெருக்கினால் கிடைப்பது திருப்பம்: 30 × 2 = 60. முன்னவர் 6 அடியில் நின்று இதைச் சமன் செய்யணும். அவர் தாங்குவது 60 ÷ 6 = 10 கிலோ. மீதி 20 கிலோவும் பின்னவருக்கு!

ஆகவே வயசானவரோ, இடுப்பு வலிக்காரரோ கூட வந்தால், மூட்டையைத் தெம்பானவர் பக்கம் தள்ளிக் கட்டுங்க. இறக்கத்தில் நழுவாதபடி கயிற்றை இறுக்குங்க.

பிள்ளைகளே, மூட்டை பின்னவரிடமிருந்து 1 அடியில் இருந்தால் யாருக்கு எவ்வளவு? (விடை: முன்னவருக்கு 5, பின்னவருக்கு 25 கிலோ.)