சினையாட்டின் மெலிவும் குடற்புழு நோயும்

டிக்கோயாவிலும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மரக்கறிச் செய்கையுடன் இரண்டொரு ஆடுகளையும் வளர்த்துவரும் குடும்பங்கள் பல. ஆடு பாலும் குட்டியும் தருவதோடு, பாத்திகளுக்கு எருவும் தருகின்றது. எனினும், தென்மேற்குப் பருவமழை பெய்யும் மே முதல் செப்டெம்பர் வரையான காலத்தில் இம்மலைச்சரிவுகளில் புல் உலர்வது அரிது. ஈரப்புல்லிலே குடற்புழு பெருகும். அக்காலத்தில் சினையாடு மெலியுமாயின் நட்டம் ஓர் ஆட்டோடு நில்லாது. குட்டி வலுவின்றிப் பிறக்கும். தாய்க்குப் பால் சுரவாது. ஈற்று முழுவதும் வீணாகும்.

புழுவின் இயல்பு

புழுக்கையில் அரிசி போன்ற வெண்துண்டுகளைக் கண்டு அஞ்சுவோர் பலர். அவை நாடாப்புழுவின் துண்டுகள்; வளர்ந்த ஆட்டுக்கு அவற்றால் விளையும் தீங்கு சிறிது. பெருந்தீங்கு செய்வது, நான்காம் இரைப்பையில் ஒட்டியிருந்து இரத்தத்தை உறிஞ்சும் மெல்லிய புழுவே. அது புழுக்கையில் கண்ணுக்குப் புலப்படாது. அதன் பெண்புழு நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு ஈரத்தின் துணையால் புல்லில் ஏறி, மேயும் ஆட்டின் வயிற்றைச் சேரும். ஈனுவதற்கு ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்கு முன் தொடங்கி, ஈன்றபின் சில வாரங்கள் வரை தாயின் எதிர்ப்புச் சக்தி குன்றும். அப்போது முட்டைகள் மிகுதியாக வெளிப்படுவதால், குட்டி மேயும் நிலமும் கெடும்.

நோயை அறியும் முறை

கீழிமையைத் தாழ்த்தி அதன் உட்புறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தல் வேண்டும். நற்சிவப்பு நலத்தின் அறிகுறி. வெளிறிய நிறம் இரத்தக் குறைவின் அறிகுறி. தென்னாபிரிக்காவில் 1990களில் இந்நிறத்தை ஐந்து படிகளாக வகுத்து வண்ண அட்டை ஒன்று ஆக்கப்பட்டது. இன்று பல நாடுகளில் அது பயன்படுகின்றது. தாடையின்கீழ் நீர்வீக்கம் காணப்படின் நோய் முற்றிவிட்டதென அறிக.

அடுத்து, இடுப்பின் முதுகெலும்பையும் நெஞ்செலும்பையும் கையால் தடவிப் பார்த்தல் வேண்டும். எலும்பு கூராகத் தட்டுப்படின் ஆடு மெலிந்துள்ளது. வயிற்றின் பருமனைக் கண்டு ஏமாறலாகாது. அது குட்டியின் பருமனாக இருக்கலாம். ஆடு மெலிந்திருந்தும் இமை சிவந்திருப்பின், முதற்கண் தீவனக் குறையை ஆராய்தல் தகும். எனினும், பிற நோய்களாலும் மெலிவு உண்டாகும் ஆதலால், புழுக்கையை மிருக வைத்திய அலுவலகத்திற் கொடுத்துச் சோதிப்பித்தல் நன்று.

மருந்து கொடுத்தல்

சினையாட்டுக்கு மருந்து தெரிவு செய்பவர் மிருக வைத்தியராகவே இருத்தல் வேண்டும். அல்பெண்டசோல் என்னும் மருந்து சினையின் தொடக்கக் காலத்தில் கருவுக்கு ஊறு செய்யக்கூடும். ஆகவே, கடாவுடன் சேர்ந்த நாளைக் குறித்துவைத்து வைத்தியருக்குத் தெரிவிக்க.

அளவு ஆட்டின் நிறைக்கு ஏற்றதாதல் வேண்டும். தராசு இல்லாவிடத்து, முன்கால்களின் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள்முனையிலிருந்து பின்தொடை எலும்பு முனைவரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க. சுற்றளவைச் சுற்றளவாற் பெருக்கி, நீளத்தாற் பெருக்கி, 660ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோகிராமில் நிறை கிடைக்கும். சுற்றளவு 28 அங்குலமும் நீளம் 24 அங்குலமும் ஆயின், நிறை ஏறக்குறைய 28½ கிலோ.

குறைந்த அளவு மருந்து வலிய புழுக்களை உயிரோடு விடும். 1961இல் தயபெண்டசோல் விற்பனைக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குள்ளேயே அதற்கு அடங்காத புழுக்கள் தோன்றின. ஒரே மேய்ச்சல் நிலத்தைப் பலர் பயன்படுத்தும் இடத்தில் ஒருவர் செய்யும் பிழை யாவரையும் பாதிக்கும். செம்மறியாட்டுக்குரிய அளவு பெரும்பாலும் வெள்ளாட்டுக்குப் போதாது என்பதையும் நினைவிற் கொள்க. மருந்தூட்டும்போது தலையை அண்ணாத்திப் பிடித்தலாகாது. மருந்து நுரையீரலிற் புகும்.

தீவனம்

மருந்து புழுவைக் கொல்லும். இழந்த இரத்தத்தையும் சதையையும் தீவனமே மீட்கும். ஆட்டின் சினைக்காலம் ஏறக்குறைய 150 நாட்கள். குட்டியின் வளர்ச்சியிற் பெரும்பகுதி கடைசி 50 நாட்களில் நிகழ்வதால், அதற்கு முன்னரே மெலிவைத் தீர்க்க முயலல் வேண்டும்.

முள்முருக்கு, கிளிரிசீடியா ஆகியவற்றின் தழைகள் புரதம் மிக்கவை. அவற்றைப் புல்லோடு கலந்து கட்டித் தொங்கவிடலாம். அரிசித் தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும் சேர்ந்த கலவையை நாளொன்றுக்கு 100 கிராமிலே தொடங்கி, இரண்டு வாரத்தில் 300 கிராம்வரை சிறிது சிறிதாக உயர்த்தி, இரு வேளையாகக் கொடுக்க. திடீரென மிகுதியாகக் கொடுத்தால் வயிறு கெடும். உப்பும் தூய நீரும் எப்போதும் இருத்தல் வேண்டும். கிருமிநாசினி தெளித்த மரக்கறி இலைகளையும், உருளைக்கிழங்கின் இலை தண்டுகளையும், பச்சை நிறமேறிய கிழங்கையும் கொடுக்கலாகாது.

கொட்டிலும் எருவும்

நிலத்துக்கு மேல் உயர்த்திப் பலகை இடைவெளிகளுடன் அமைத்த கொட்டிலில் புழுக்கை கீழே விழுந்துவிடும். புல்லை அடியோடு அறுக்காமல் நான்கு அங்குலத்துக்கு மேலே அறுக்க. இளம்புழுக்களிற் பெரும்பாலானவை அதன்கீழேயே தங்கும். பச்சை எருவைப் பாத்தியிலிட்டு, அதன் வரம்புப் புல்லை மீண்டும் ஆட்டுக்கு அறுத்துப் போட்டால் புழு திரும்பவும் வயிற்றை அடையும். எருவைக் குவித்து, உள்ளே நன்கு சூடேறி மக்கியபின் இடுவது ஆட்டுக்கும் நன்று, பயிருக்கும் நன்று.

தாமதிக்கலாகாத வேளை

ஈனும் நாள் நெருங்கிய ஆடு தீவனத்தை வெறுத்துத் தனித்து நின்றாலோ, தள்ளாடினாலோ, படுத்து எழாவிட்டாலோ அதனைச் சோம்பல் எனக் கருதலாகாது. உடலின் சர்க்கரை குன்றும் கொடிய நோயாக அது இருக்கலாம். படுத்த ஆட்டின் வாயில் எதனையும் ஊற்றாது, அன்றே மிருக வைத்தியரை அழைத்தல் வேண்டும்.