மிச்சமும் கோழியும்

முன்னுரை

தொப்பூர்க் கணவாயை ஒட்டிய எங்கள் ஊர்ப்பக்கத்தில், புறக்கடையில் நாலு கோழி இல்லாத வீட்டைக் காண்பது அரிது. விடிந்ததும் பஞ்சாரத்தைத் தூக்கிவிட்டால் அவை தாமே மேய்ந்து, அந்தி சாய்ந்ததும் தாமே வந்து அடைந்துவிடும். சட்டியில் ஒட்டிய களி, மிஞ்சிய சோறு, காய்கறித் தோல், களத்துக் கழிவு யாவும் அவற்றுக்கே. முட்டை விற்ற காசு தாய்மார்களின் சுருக்குப் பைக்கு வரும். அந்தக் காசில்தான் என் தேர்வுக் கட்டணம் பல முறை கட்டப்பட்டது.

மிச்சத்தை முட்டையாக்கித் தரும் கோழியைப் போற்றாதார் யார்? ஆயினும் கோழி குப்பைத் தொட்டி அன்று. இதை நாங்கள் இழப்பின் வழியாகவே கற்றோம்.

எங்கள் வீட்டில் நடந்தது

ஓர் ஐப்பசி மாதத்து அடைமழையில் எங்கள் நிலக்கடலை காயாமல் நனைந்துவிட்டது. நல்ல காயைப் பொறுக்கி விற்றோம். பூஞ்சணம் பிடித்துக் கறுத்ததைக் கோழிக்கு ஒதுக்கினோம். வீணாக்கவில்லை என்ற நிறைவு வேறு! மூன்று வாரம் சென்றது. முதலில் முட்டை குறைந்தது. பின்னர் கோழிகள் இரையெடுக்காமல் சோர்ந்து நின்றன. ஒன்பதில் நான்கு இறந்தன. கண் பட்டது என்றார் ஒருவர். கழிச்சல் என்றார் மற்றொருவர். கால்நடை மருத்துவர் இறந்த கோழியை அறுத்து, வெளிறி மஞ்சளித்த ஈரலைக் காட்டி, "என்ன தீனி போட்டீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அம்மா கடலையைச் சொன்னார். நான் தலை குனிந்தேன். ஏனெனில், அப்பூஞ்சணத்தின் பெயரை அந்த ஆண்டுதான் தாவரவியல் தேர்வில் எழுதியிருந்தேன்.

பூஞ்சண நஞ்சு

அதன் பெயர் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. பிரேசில் நாட்டிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அதில் வளர்ந்த இப்பூஞ்சணம் சுரந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். இது ஈரலைத் தாக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றிலும் அழியாது. முட்டை வழியாக மனிதரையும் ஓரளவு எட்டக் கூடியது. ஆகவே பூத்த கடலை, பூத்த பிண்ணாக்கு, பூத்த மக்காச்சோளம், பூத்த ரொட்டி எதுவும் கோழிக்கு ஆகாது. மேலாகத் துடைத்துவிட்டு இடுவதும் பயன் தராது. நஞ்சு உள்ளே ஊறியிருக்கும்.

குச்சிக்கிழங்குத் தோல்

இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு வீழ்ந்துவிடும் என்பதை நம் உழவர்கள் அறிவார்கள். சயனைடு என்னும் நஞ்சே அதற்குக் காரணம். அதே நஞ்சு நம் மாவட்டத்தில் மிகுதியாக விளையும் குச்சிக்கிழங்கிலும், அதாவது மரவள்ளியிலும், உண்டு. கிழங்கின் சதையைவிடத் தோலிலும் இலையிலும் அது அதிகம். ஆலைக்குரிய கசப்பு வகைகளில் இன்னும் அதிகம். தோலைச் சீவும்போதும் இலையைக் கசக்கும்போதும் அதிலுள்ள லினமாரின் என்னும் பொருள் சிதைந்து நஞ்சை வெளியிடுகிறது. ஆதலால் பச்சைத் தோலையும் பச்சை இலையையும் கோழி கொத்தும் இடத்தில் கொட்டலாகாது. சிறு துண்டுகளாக்கிப் பல நாள் நல்ல வெயிலில் உலர்த்தினாலோ, திறந்த பாத்திரத்தில் வேகவைத்து நீரை இறுத்தாலோ நஞ்சு பெரிதும் குறையும். அதன் பின்னும் சிறிதளவே இட வேண்டும்.

தோட்டக் கழிவிலும் கவனம் தேவை. மாலைக்காக நம் பக்கம் பயிரிடும் அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. ஆமணக்கு விதையும் அவ்வாறே. பச்சை படிந்த உருளைக்கிழங்கு, அதன் முளை, தக்காளிச் செடியின் தழை ஆகியவற்றையும் விலக்குக. பழுத்த தக்காளியால் தீங்கில்லை.

எச்சில் இலையும் இறைச்சிக் கழிவும்

எங்கள் ஊர் நெடுஞ்சாலையின் மேல் இருப்பதால் உணவு விடுதிகளுக்குக் குறைவில்லை. அங்கு மிஞ்சுவதை வாளியில் வாங்கி வந்து கோழிக்குக் கொட்டுவோர் உண்டு. இதில் இரண்டு கேடுகள் உள்ளன. ஒன்று உப்பு. கோழித் தீவனத்தில் சேரும் உப்பு பொதுவாக அரை விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ஊறுகாய், கருவாடு, அப்பளம், உப்பு மிகுந்த குழம்பு ஆகியவை அந்த அளவை எளிதில் மீறிவிடும்.

மற்றது நோய். கோழிக்கடையின் பச்சைக் கழிவில், நாம் வெள்ளைக் கழிச்சல் என்னும் இராணிக்கெட் நோயின் கிருமி இருக்கக் கூடும். 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் இந்நோய் அறியப்பட்டது. நம் நாட்டில் கண்டறியப்பட்ட மலையூரின் பெயரே இங்கு நிலைத்தது. தடுப்பூசி போடாத கோழிக் கூட்டத்தில் அது நுழைந்தால் பஞ்சாரமே காலியாகிவிடும். பிரிட்டனில் 2001ஆம் ஆண்டு கோமாரி பரவியதற்கு, வேகவைக்காத எச்சில் உணவைப் பன்றிகளுக்கு இட்டதே தொடக்கம் என்று கருதப்பட்டது. இன்று அந்நாட்டில், இறைச்சியும் பாலும் முட்டையும் புழங்கும் வீட்டு அடுக்களையின் மிச்சத்தைக் கோழிக்கு இடுவதே சட்டப்படி குற்றம். நமக்கு அத்தகைய சட்டம் வேண்டும் என்று நான் கூற வரவில்லை; அதன் காரணத்தை அறிந்தால் போதும்.

சோறு மட்டும் போதுமா?

நஞ்சில்லாத மிச்சமும் தனியே போதாது என்பதற்கு அறிவியல் வரலாற்றில் ஓர் அழகிய சான்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில், எய்க்மான் என்னும் டச்சு மருத்துவர் ஆய்வுக்காகக் கோழிகள் வளர்த்தார். அவை கால் வலுவிழந்து விழுந்தன. சில காலத்தில் தாமே தேறின. விசாரித்தபோது உண்மை வெளிப்பட்டது. இராணுவ மருத்துவமனையின் அடுக்களையில் மிஞ்சிய, தீட்டிய வெள்ளரிசிச் சோறே அவற்றுக்கு இடப்பட்டிருந்தது. புதிதாக வந்த சமையற்காரர் அதைத் தர மறுக்கவே, தீட்டாத அரிசிக்கு மாறினர், கோழிகள் பிழைத்தன. தவிட்டில் இருந்த உயிர்ச்சத்தின் அருமை இவ்வாறு வெளிப்படத் தொடங்கியது. எய்க்மான் 1929இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். நாம் கழித்த தவிடு கோழியின் உயிர். நாம் உண்ணும் வெண்சோறு அதற்கு வெறும் வயிற்று நிரப்பு!

செய்யத் தக்கவை

1. அன்றைய மிச்சத்தை அன்றே இடுக. புளித்து நாறியது, பூத்தது எருக்குழிக்கே போகட்டும்.

2. அந்திக்குள் தின்று தீரும் அளவே இடுக. மீதியை அள்ளி அப்புறப்படுத்துக. இல்லையேல் எலியும் ஈயும் பெருகும்.

3. கோழிக்குப் பல் இல்லை. இரை தீனிப்பையில் ஊறி, அரைவைப்பையில் சிறு கற்களால் அரைபடுகிறது. எனவே கீரைத் தண்டு, வாழைநார், நீண்ட புல் ஆகியவற்றைப் பொடியாக நறுக்குக. நூலும் நெகிழித் தாளும் கலவாமல் பார்க்க.

4. அடைத்து வளர்க்கும் கோழிக்கு மிச்சம் நாளுணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. மேயும் கோழிக்கும் கம்பு, கேழ்வரகு, தவிடு சிறிது வேண்டும். முருங்கைக் கீரை மிக நன்று.

5. முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்து இடுக. சுண்ணாம்புச் சத்து திரும்பக் கிடைக்கும். முழு ஓடாக இட்டால் முட்டையைக் கொத்தும் பழக்கம் வரும்.

6. பழஞ்சாக்கு, காய்ந்த சாணம், தென்னை மட்டைத் துண்டு ஆகியவற்றைப் பானையில் இட்டு, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், காலையில் கரையான் நிறைந்திருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிடச் சிறந்த புரத உணவு எளிதில் வாய்க்காது.

முடிவுரை

"நமக்கு ஆகாததைக் கோழிக்குப் போடு" என்பது நம் வழக்கு. "நமக்கு மிஞ்சியதைப் போடு; நமக்கு நஞ்சானதைப் போடாதே" என்று அதைத் திருத்திக்கொள்வோம்.

அன்று தேர்வில் பூஞ்சணத்தின் படம் வரைந்து நல்ல மதிப்பெண் பெற்றேன். வீட்டுக் களத்தில் அதே பூஞ்சணத்தை என் கையால் அள்ளி இட்டேன். வகுப்பறைக்கும் புறக்கடைக்கும் இடையே அத்தனை தூரம்! மாணவ நண்பர்களே, நம்மில் பலர் கோழி கூவும் வீடுகளிலிருந்தே இக்கல்லூரிக்கு வருகிறோம். இங்கே கற்பதை மாலையில் வீட்டுக்கும் எடுத்துச் செல்வோம். எங்கள் வீட்டில் எஞ்சிய ஐந்து கோழிகள் இப்போது பதினொன்றாகியுள்ளன. மழைக்காலத்தில் கடலையை முகர்ந்து பார்த்துப் பிரிப்பவர், எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மாதான்.