விளிம்பில் இருட்டு, நடுவில் மரம்

கொழிஞ்சாம்பாறை,
வைகாசி.

அன்புள்ள மருமகனுக்கு,

நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். கிட்டாரைக் கூட்டி முடித்து, உப்புத்தாள் போட்டு, சுத்தமாக வைத்திருக்கிறாய். ஸ்ப்ரூஸ் முகப்பலகையில் தோள் பக்கம் ஒரு கருங்கோடு ஓடுகிறது, நடு வெளிச்சமாக, விளிம்பு இருட்டாக வரும் கறுப்பு சன்பர்ஸ்ட் அடித்தால் மறையுமா என்று கேட்டிருக்கிறாய். மறையும். ஆனால் அதற்காக அடிக்காதே.

இந்த நிறம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் நான் சொல்வது புரியும். பழைய இத்தாலிய வயலின்களில் கையும் தாடையும் பட்ட இடங்களில் வார்னிஷ் தேய்ந்து வெளுத்திருக்கும். யாரும் தொடாத ஓரங்கள் கறுத்திருக்கும். அந்த வயதின் அழகைப் புது வாத்தியத்திலேயே வரவழைக்கப் பார்த்தார்கள். அமெரிக்காவில் கலமசூ நகரத்து கிப்சன் கம்பெனி, 1922-இல் லாயிட் லோர் மேற்பார்வையில் எஃப்-5 மாண்டலினைக் கொண்டுவந்தபோது அதன் நிறத்துக்கு கிரிமோனா பிரவுன் என்று பெயர் வைத்தது. கிரிமோனா, ஸ்ட்ராடிவாரி வயலின் செய்த ஊர். அந்த மாண்டலின்களில் சாயத்தைத் துணியில் தோய்த்துக் கையாலேயே தேய்த்தார்கள்.

ஸ்ப்ரே பிறகு வந்தது, அதுவும் கார் பட்டறையிலிருந்து. டூபாண்ட் கம்பெனி 1923-இல் டியூகோ என்ற லேக்கரை ஜெனரல் மோட்டார்ஸுக்குக் கொடுத்தது. பல நாள் காய்ந்துகொண்டிருந்த கார் பெயிண்டின் இடத்தில் சில மணி நேரத்தில் காய்கிற பூச்சு. வாத்தியக்காரர்களும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஊர் பர்னிச்சர் கடையில் என்.சி. லேக்கர் என்று டின்னில் வாங்குகிறோமே, அது அதே நைட்ரோசெல்லுலோஸ் இனம்தான். 1942-இல், போர்க்காலத்தில், கிப்சனின் ஜே-45 கிட்டார் சன்பர்ஸ்ட் நிறத்தில் வந்தது. நல்ல மரம் கிடைப்பது அரிதாக இருந்த நேரத்தில் அடர்ந்த விளிம்பு பல குறைகளை மூடியது. ஆகவே உனக்கு வந்த யோசனை புதிதல்ல.

ஆனால் உன் பலகையில் இருப்பது குறையே அல்ல. அந்தக் கோடு மரத்தின் இயல்பான நிறம். அதனால் ஒலிக்கு ஒரு கேடும் இல்லை. தேன் நிறம் ஏறினால் அது மற்ற ரேகைகளோடு சேர்ந்துகொள்ளும். கறுப்பால் மூட நினைத்தால், அது முழுசாக மறையும்வரை அடித்துக்கொண்டே போவாய். கறுப்பின் திட்டு தெரியாமலிருக்க அதன் மேல் நிறமில்லாத கிளியரையும் கூட்டுவாய். உன் முகப்பலகையின் கனம் இரண்டரை முதல் மூன்று மில்லிமீட்டர். அதிர்ந்து பாட வேண்டிய பலகை அது. நல்ல கைவேலைக் கிட்டாரில் சீலர், நிறம், கிளியர் எல்லாம் சேர்ந்து 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர்தான் நிற்கும். அதற்கு மேல் ஏறுவதெல்லாம் பலகை சுமக்கும் வீண் பாரம். மரத்தின் ரேகையை விழுங்குகிற கட்டிக் கறுப்பு பர்ஸ்ட் எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை. சன்பர்ஸ்டில் பார்க்க வேண்டியது நடுவிலிருக்கும் மரத்தை. விளிம்பின் இருட்டு அதை எடுத்துக்காட்டத்தான்.

வேலைக்கு வருவோம். வெறும் ஸ்ப்ரூஸில் நேராகச் சாயம் போடாதே. அதன் ரேகைகளுக்கு நடுவிலுள்ள வெளிர்ப் பகுதி மெத்தென்றிருக்கும், சாயத்தை அதிகம் குடிக்கும். கருரேகை கெட்டியானது, குடிக்காது. வெளுப்பு கறுப்பாகவும் கறுப்பு வெளுப்பாகவும் தலைகீழாகி, திட்டுத்திட்டாக நிற்கும். முதலில் மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாக ஒரு பூச்சு கொடு. ஈட்டி மரத்தாலான முதுகுக்கும் பக்கங்களுக்கும் இது இன்னும் அவசியம். அந்த மரத்தின் எண்ணெயும் நிறமும் கசிந்து, விளிம்பைச் சுற்றிய வெள்ளை பைண்டிங்கிலும் மேல் பூச்சிலும் ஏறிவிடும். ஈட்டியின் துளைகளை ஃபில்லரால் நிரப்புவது அதற்குப் பிறகு. ஈட்டி வாங்கிய ரசீதைப் பத்திரமாக வை. 2017 முதல் அந்த மரம் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. முடிந்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்கு கிடைத்தாலும், மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

நிறத்தை லேக்கரிலேயே கலந்து அடி. முதலில் மஞ்சள், முகப்பலகை முழுவதும். அடுத்து செம்பழுப்பு, வெளிவட்டத்தில் மட்டும். கடைசியில் அடர்பழுப்பு, விளிம்பை ஒட்டி. ஒவ்வொன்றையும் தின்னர் விட்டு நன்றாக இளக்கிக்கொள். ஒரு வீச்சில் நிறம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கட்டும். பல வீச்சுகளில் ஏற்று. ஏற்றின நிறத்தை இறக்க முடியாது.

ஸ்ப்ரே கன்னைப் பிடிக்கும் விதத்தில்தான் பாதி வித்தை இருக்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்து, விசிறியைச் சுருக்கி, ஒரு சாண் தூரத்தில் பிடி. நாசில் எப்போதும் நடுவுக்கு முதுகு காட்டி வெளியே பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும். அப்போது சிதறும் தூசிப்பூச்சு கிட்டாரைத் தாண்டி வெளியே போகும். உள்ளே பார்த்துப் பிடித்தால் அது நடுவில் பொடியாக விழுந்து, தெளிவாக இருக்க வேண்டிய இடம் மங்கிவிடும். டிரிக்கரை கிட்டாருக்கு வெளியே அழுத்தி, வெளியேதான் விட வேண்டும். கிட்டாரைச் சுழலும் பலகையில் வைத்து, நீ நிற்கிற இடத்தை மாற்றாமல் அதைத் திருப்பு. இடுப்பு வளைவில் இருட்டைக் குறுக்கு. தோளிலும் கீழ்வயிற்றிலும் கொஞ்சம் அகலம் கொடு. எல்லா இடத்திலும் ஒரே அகலத்தில் அடித்தால் இடுப்பில் நடு வெளிச்சம் நெருக்குண்டு நிற்கும்.

அடர்பழுப்பு ஏறியதும் பைண்டிங்கின் மேல் விழுந்த நிறத்தைப் பிளேடால் சுரண்டி எடு, மூச்சடக்கி, நிதானமாக. பிறகு கிளியர் அடிக்கும்வரை நிறத்தின் மேல் தாள் போடவே கூடாது. விளிம்பில் பூச்சு மெலிந்து நிற்கும். உப்புத்தாள் ஒருமுறை அழுத்திப் போனால் நிறம் அறுந்து வெள்ளை மரம் எட்டிப்பார்க்கும்.

நீ அவசரப்படுகிறாய் என்று எனக்குப் படுவது வானிலை விஷயத்தில்தான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்தக் குளிர்ச்சியில் நீர் படிந்து லேக்கர் பால்போல் வெளுத்துவிடும். கறுத்த விளிம்பில் அந்த வெளுப்பு இன்னும் பளிச்சென்று தெரியும். ரிடார்டர் கலந்தால் ஆவியாவது தாமதமாகும். வெளுத்த பூச்சும் காய்ந்த நாளில் ரிடார்டரை மெல்லத் தூவினால் தெளியலாம். ஆனால் நிறப்பூச்சில் இப்படிச் சமாளிக்கப் போனால் பர்ஸ்டின் ஓரம் கரைந்து ஓடும். நீ இருக்கும் மறையூர் மழைமறைவுப் பூமிதான், மூணாறில் கொட்டுகிற மழை உங்களுக்குத் தூறலாகத்தான் வரும். ஆனால் இடவப்பாதி மழை தொடங்கினால் காற்றில் ஈரம் நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் உங்கள் பக்கத்து மழையே வந்துவிடும். ஈரமானி ஒன்று வாங்கி மாட்டு. 70 சதவீதத்தைத் தாண்டினால் கன்னைத் தொடாதே. இங்கே பெருவெம்பில் மத்தளமும் செண்டையும் செய்கிறவர்கள் தோலைக் காயவைக்க வெயிலைப் பார்த்துத்தான் வேலையை வகுத்துக்கொள்கிறார்கள். வாத்திய வேலை எதுவாக இருந்தாலும் நாளைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும்.

எங்கள் பக்கத்துச் சங்கடம் வேறு. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று அடிக்கும்போது ஈரமே இருக்காது. லேக்கர் பலகையைத் தொடுவதற்குள் காய்ந்து பொடியாக ஒட்டும், மரமும் சுருங்கும். அந்த நாட்களில் நாங்கள் விடிகாலையில், கதவை அடைத்த அறையில்தான் அடிப்போம். உனக்கு மாசி நல்லது. அப்போதும் பக்கத்தில் வெல்ல ஆலை எரிகிற நாளில் வேண்டாம். கரும்புச்சக்கைச் சாம்பல் பூச்சில் ஒட்டினால் எடுக்க முடியாது. அதைவிட, லேக்கர் ஆவிக்கும் அடுப்பு நெருப்புக்கும் ஒரே காற்று கூடவே கூடாது.

இதை அலட்சியமாகப் படித்துவிட்டுப் போகாதே. என்.சி. ஆவி தீப்பிடிக்கும். சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேன் மோட்டாரின் பொறியும், சுவிட்ச் போடும் பொறியும் போதும். பொறி எழாத மோட்டார் வாங்க முடியாவிட்டால் திறந்த கொட்டகையில் அடி. முகத்துக்குத் துணி கட்டுவது மூச்சைக் காக்காது. கரிப்பொதி வைத்த கார்ட்ரிட்ஜ் மாஸ்க்தான் வேண்டும். பளபளப்பு அதிகம் என்று யாராவது பி.யு. (பாலியூரித்தேன்) அடிக்கச் சொன்னால் மறுத்துவிடு. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் மூச்சிரைப்பு நோயைக் கொடுக்கும். ஒருமுறை வந்தால் பிறகு துளி ஆவி பட்டாலே இழுக்கும். பாலிஷ் வேலையில் நெஞ்சைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. நீ அவர்களில் ஒருவனாகக் கூடாது.

கடைசிக் கிளியர் அடித்தபின் மூன்று நான்கு வாரம் தொங்கவிடு. லேக்கர் அதுவரை சுருங்கிக்கொண்டே இருக்கும். முன்னாலேயே பஃப் போட்டால் பிறகு ரேகை எழும்பும். 1000, 1500, 2000 என்று தாளை ஏற்றி நீர் தொட்டுத் தேய். ஓட்டைகளுக்குள் நீர் போகாமல் பார். பிரிட்ஜ் உட்காரும் இடத்தை முதல் பூச்சுக்கு முன்பே டேப் ஒட்டி மூடு. பசை வெறும் மரத்தில்தான் பிடிக்கும். லேக்கர் மேல் ஒட்டினால் கம்பி இழுப்பில் பிரிட்ஜ் பிய்ந்துவரும்.

மாசி வரை கை சும்மா இருக்க வேண்டாம். முதலில் சாயத்தைச் சோதித்துப் பார். 1958 முதல் 1960 வரை வந்த கிப்சனின் லெஸ் பால் எலக்ட்ரிக் கிட்டார்களில் சிவப்புச் சாயம் வெளிச்சத்தில் வெளுத்து, பல கிட்டார்கள் வெறும் மஞ்சளாகிவிட்டன. 1960-இல் வெளுக்காத சிவப்புக்கு மாறினார்கள். நீ வாங்கிய சாயத்தை ஸ்ப்ரூஸ் துண்டுகளில் அடித்து, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் வை. ஆவணியில் தாளை எடுத்துப் பார். இதற்கிடையில் கிட்டார் வடிவத்தில் அட்டைகளை வெட்டி, கன்னில் தண்ணீரும் சாயமும் மட்டும் விட்டு வீசிப் பழகு. இடுப்பு வளைவு ஒரே சீராக வந்த அட்டைகளை மட்டும் ஓணத்துக்கு வரும்போது எடுத்து வா. அத்தை அடப்பிரதமன் செய்வதாகச் சொல்லியிருக்கிறாள்.

அன்புடன்,
மாமா