ஜிம்மியின் அறை

அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில், புற்றுநோயுற்ற 12 வயதுச் சிறுவன் ஒருவன் படுத்திருந்தான். 1948ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் இரவு, தொலைவிலிருந்த வானொலி நிலையத்திலிருந்து ரால்ஃப் எட்வர்ட்ஸ் என்பவர் அவனோடு அளவளாவினார். உண்மைப் பெயரை மறைத்து, ‘ஜிம்மி’ என்றே அவனை அழைத்தனர். நோயைப்பற்றி அவனிடம் ஒரு சொல்லும் எழவில்லை. பேச்செல்லாம் பேஸ்பால் ஆட்டத்தைப்பற்றியே!

பாஸ்டன் பிரேவ்ஸ் குழுவில் தனக்குப் பிடித்த ஆட்டக்காரர்களின் பெயர்களை ஜிம்மி கூறினான். என்னே வியப்பு! அவன் பெயர் சொல்லச் சொல்ல, அவ்வீரர்களே ஒருவர்பின் ஒருவராய் அறையினுள் நுழைந்தனர். மட்டையும் பந்தும் பரிசளித்தனர். பின்னர் அனைவரும் கூடிப் பாடினர். சிறுவனின் குரல் சுருதியோடு சேரவில்லை. அதனால் என்ன? கேட்டோர் நெஞ்சம் உருகிற்று.

20,000 டாலர் சேர்ந்தால் ஜிம்மிக்கு ஒரு தொலைக்காட்சிப் பெட்டி என்றனர். வந்து குவிந்ததோ இரண்டு லட்சம் டாலருக்கும் மேல்! பெட்டியும் வந்தது, மருத்துவர் சிட்னி ஃபார்பரின் குழந்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பெருநிதியும் கிட்டியது.

ஜிம்மி பிழைத்திருக்கமாட்டான் என்றே பலரும் எண்ணினர். ஆனால் 1998இல், மெய்ன் மாநிலத்தில் லாரி ஓட்டி வாழ்ந்த, அறுபது கடந்த முதியவர் ஒருவரே அந்த ஜிம்மி என்பது உலகறிய வெளிப்பட்டது.